சூரியனுக்கு ஒரு துணை உடு இருந்தால்

எமது சூரியன் தனி உடு. ஏறத்தாழ 4.4 ஒளியாண்டு தூரத்திலுள்ள அல்பா செந்தூரி அவ்வாறன்று. தென்வானில் வெற்றுக்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது, உண்மையில் சூரியனை ஒத்த இரு உடுக்கள். (மங்கலான மூன்றாவது உடு ஒன்றும் உண்டு, அதை இங்கு விட்டுவிடுவோம்.) இவை ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. இடைத்தூரம் 11 முதல் 36 வானியல் அலகு வரை மாறும். புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரமே 1 வானியல் அலகு.

இவற்றுள் சிறிய உடு எமது சூரியனுக்குத் துணையாக இருப்பதாகக் கொள்வோம். புவி எரிந்துவிடும் எனப் பலர் எண்ணுவர். கணித்துப் பாருங்கள். அதன் ஒளிர்வு சூரியனுடையதில் ஏறத்தாழ அரைப்பங்கு. தூரம் 11 மடங்காயின் கிடைக்கும் சக்தி 121 மடங்கு குறையும். ஆகவே மிக அண்மையில் வரும்போதும் எமக்குக் கிடைப்பது சூரிய சக்தியின் 0.4% மட்டுமே. கடல் கொதிக்காது.

பாதிப்பு இரவிலேயே ஏற்படும். அந்த 0.4% ஒளி, முழுநிலவின் ஒளியைப் போல் ஆயிரம் மடங்கிலும் அதிகம். துணை உடு சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கும் மாதங்களில், சூரியன் மறையும்போது அது உதிக்கும்; இரவு முழுவதும் மின்விளக்கின்றிப் புத்தகம் வாசிக்கலாம். ஆனால் செவ்வந்தி போன்ற குறும்பகல் தாவரங்கள் பூப்பதற்கு இடையறாத நீண்ட இருள் தேவை. இரவில் பொரித்து வெளிவரும் கடலாமைக் குஞ்சுகளும் ஒளி கூடிய பக்கத்தையே கடல் எனக் கொண்டு நகர்வன. அவ்வொளி தரைப்பக்கம் இருப்பின் அவை கடலை அடையமாட்டா. இரு உடுக்களும் பகல்வானில் சேர்ந்திருக்கும் மாதங்களில் மட்டுமே எமக்கு இன்றுள்ளது போன்ற இருள் கிடைக்கும்.