பதினாறு கட்டத்தில் ஒரு வெற்றிலைச் செல்லம்

என் பாட்டனார் தம் கைப்பட எழுதிவைத்த வரவு செலவு ஏடுகளையும் கடிதங்களையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் சேமித்து வைத்திருக்கிறேன். திரையில் அது மற்றவற்றோடு ஒன்றாக அதே மஞ்சள் உறையை மாட்டிக்கொண்டு நிற்பது எனக்கு ஏனோ ஒவ்வவில்லை. அவர் ஆயுள் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்ததும், இன்று என் மேஜைமேல் குண்டூசிகளைச் சுமந்துகொண்டிருப்பதுமான பித்தளை வெற்றிலைச் செல்லத்தின் படத்தையே அந்த ஃபோல்டருக்கு அடையாளச் சித்திரமாக, இக்காலத்தார் சொல்லும் 'ஐகானாக', இட்டுவிட்டால் என்ன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தோன்றியது. கைபேசியில் போட்டோ எடுத்து, சிறிதாக்கி, ஒட்டிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும் என்று எண்ணினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

முதலில் நான் செய்தது, பெரும்பாலோர் முதலில் செய்வதுதான். 'செல்லம்.ஜேபிஜி' என்றிருந்த கோப்பின் வாலை வெட்டிவிட்டு '.ஐசிஓ' என்று வேறு வால் ஒட்டினேன். பெயரை மாற்றுவதனால் ஜாதகம் மாறிவிடாது என்பதை விண்டோஸ் ஒரே வரியில் தெரிவித்தது. அந்தக் கோப்பில் ஐகான் எதுவும் இல்லையாம். எந்தச் செயலியை அழைப்பது என்பதை மட்டுமே வால் நிர்ணயிக்கிறது. அழைக்கப்பட்ட செயலியோ தலையைப் பார்க்கிறது. ஜேபிஜி கோப்பு 255, 216 என்ற இரண்டு எண்களோடு தொடங்கும். ஐகான் கோப்பு 0, 0, 1, 0 என்று தொடங்கவேண்டும். அந்த 1 இருக்கும் இடத்தில் 2 இருந்தால் அது ஐகான் அன்று, மௌஸின் அம்பு.

இந்த ஐகான் கோப்பு என்பது ஒரு படம் அன்று, படங்களின் பெட்டகம் என்பதை அப்போதுதான் அறிந்தேன். ஒரே சின்னம், கோப்புகளை வரிசையாகப் பட்டியலிடும்போது பக்கத்துக்கு 16 புள்ளியாகவும், முகப்புத் திரையில் 48 புள்ளியாகவும், பெரிதாக்கிப் பார்க்கும்போது 256 புள்ளியாகவும் தேவைப்படுவதால், அத்தனை அளவுகளையும் தனித்தனியே உள்ளே வைத்து, முகப்பில் ஒரு பொருளடக்கத்தையும் எழுதிவிடுகிறார்கள். தலைப்புக்கு 6 பைட். ஒவ்வொரு படத்தின் விவரத்துக்கும் 16 பைட். நான்கு படங்களை வைத்தால், ஒரு புள்ளி வண்ணங்கூட வருவதற்கு முன்னமே 70 பைட் செலவாகிவிடும். அந்த விவரத்தில் அகலத்துக்கும் உயரத்துக்கும் ஆளுக்கொரு பைட்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பைட்டில் 255-க்கு மேல் எண் கொள்ளாது. ஐகான் இத்தனை பெரிதாக வளரும் என்று ஆதியில் யார் கண்டார்கள்? விண்டோஸ் விஸ்டாவின் காலத்தில் 256 புள்ளி ஐகான் வந்தபோது, பழைய அமைப்பைக் குலைக்காமல், அந்த இடத்தில் 0 என்று எழுதியிருந்தால் 256 என்று கொள்க என ஏற்பாடு செய்துகொண்டார்கள். வீட்டுக்கு மாடி எழுப்பியபின் படிக்கட்டுக்கு இடம் தேடுகிறவர்களின் சாமர்த்தியம் இது. ஆனாலும் இன்றளவும் பழுதில்லாமல் நடக்கிறது.

1985-ல் வந்த முதல் விண்டோஸில் ஐகான் என்பது 32-க்கு 32 கட்டம், கறுப்பு வெள்ளை, மொத்தம் 1,024 புள்ளி; புள்ளிக்கு ஒரு பிட் வீதம் 128 பைட்டில் அடங்கிவிடும். ஆனால் சின்னம் சதுரமாக இல்லாவிட்டால் அதன் ஓரத்தில் பின்னணி தெரியவேண்டுமே! அதற்காகச் சித்திரத்தோடு அதே அளவில் ஒரு மாஸ்க்கையும் சேர்த்து வைத்தார்கள். எந்தப் புள்ளியில் பின்னணியை அப்படியே விடுவது, எந்தப் புள்ளியில் வெட்டி எடுப்பது என்பதை அது சொல்லும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டமையால், 32 புள்ளி உயரமுள்ள படத்துக்கு உள்ளே 64 என்று உயரம் எழுதுகிற விசித்திர வழக்கம் ஏற்பட்டு, அது இன்னும் மறையவில்லை.

அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த மக்கின்டாஷின் ஐகான்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற அம்மையார். கலை வரலாற்றில் டாக்டர் பட்டம் பெற்றவர், கம்ப்யூட்டரில் பழக்கமில்லாதவர். வரைவதற்குத் தக்க சாதனம் தயாராகும் முன்னர், அவர் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை வாங்கிவந்து, 32-க்கு 32 கட்டங்களைப் பென்சிலால் நிரப்பி, குப்பைத்தொட்டியையும் வெடிகுண்டையும் சிரிக்கும் கம்ப்யூட்டரையும் அதிலேயே உண்டாக்கினார். துணியின் இழைகளை எண்ணிப் போடும் பூத்தையலும், வண்ணக் கற்களைப் பதிக்கும் மொசைக் வேலையும் அறிந்த கைக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. 1990-ல் வந்த விண்டோஸ் 3.0-க்கும் அவரே ஐகான்கள் வரைந்தார். அவர் எந்தப் படத்தையும் சிறிதாக்கவில்லை, சிறிதாகவே பிறப்பித்தார் என்பதன் பொருள், என் செல்லத்தோடு மல்லுக்கட்டிய பிறகே எனக்கு விளங்கிற்று.

சிறிதாக்குவது என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. ஜமுக்காளத்தை மடிப்பதுபோல எல்லாம் உள்ளேயே இருக்க, அளவு மட்டும் குறைவதாக அது நினைக்க வைக்கிறது. சதுரமாக வெட்டிய என் போட்டோவில் பக்கத்துக்கு 3,000 வீதம் 90 லட்சம் புள்ளிகள். 16-க்கு 16 ஐகானில் இருப்பவையோ 256. ஆகவே புதிய புள்ளி ஒவ்வொன்றும் பழைய புள்ளிகளில் ஏறக்குறைய 35,000 பேருக்குப் பிரதிநிதியாக நிற்கவேண்டும். அவசரக்காரச் செயலி, தொகுதியில் எதிர்ப்பட்ட ஒருவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு மற்றவர்களை மறந்துவிடும். அதனால் மூடியின் விளிம்பு ஓரிடத்தில் தடித்தும் அடுத்த இடத்தில் அறுந்தும் போயிற்று. அதைவிட வேடிக்கை, மூடியின்மேல் நெருக்கமாக வெட்டியிருந்த வரிக்கோலம், செல்லத்தில் எங்குமே இல்லாத அகன்ற அலைகளாக மாறிக் காட்சியளித்தது. கோடு போட்ட சட்டையணிந்தவர் டெலிவிஷனில் தோன்றும்போது சட்டையில் அலை நெளிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வியாதிதான். ஒரு கோட்டையும் அதையடுத்த இடைவெளியையும் காட்ட இரண்டு புள்ளியாவது வேண்டும். அது கிடைக்காத நுண்ணிய கோடு மறைந்துபோவதில்லை. பருத்த கோடாக வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. தந்தியை மனத்தில் வைத்து நைக்விஸ்ட் என்பவர் 1928-லும், பின்னர் 1949-ல் ஷானன் என்பவரும் ஆராய்ந்து நிறுவிய தத்துவத்தின் சாரம் இது.

நிதானமான செயலி தொகுதி முழுவதையும் கேட்டுச் சராசரி எடுக்கிறது. அதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. கறுப்பும் வெள்ளையும் சரிபாதியாக நெருங்கியிருக்கும் இடத்தில், 0-க்கும் 255-க்கும் நடுவில் 128 என்று எழுதிவிடுவது நியாயமாகத் தோன்றும். ஆனால் திரையில் 128 என்ற எண் தரும் வெளிச்சம் முழு வெள்ளையில் பாதியன்று, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். பாதி வெளிச்சத்துக்கு 188 வேண்டும். எண்களைக் கூட்டி வகுத்துவிட்டு வெளிச்சத்தை மறந்த செயலியில் பித்தளையின் மினுக்கெல்லாம் மங்கி, பாட்டனாரின் செல்லம் புளி போட்டுத் துலக்காத பாத்திரம்போல் ஆகிவிட்டது.

ஓரத்தின் கதை வேறு. ஜேபிஜி முறையில் ஒளிபுகும் தன்மைக்கு இடமே கிடையாது. ஆகையால் பின்னணியை அழித்து, அதற்கு இடமுள்ள பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தேன். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதற்கொண்டு ஐகானின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றோடு, பின்னணியை எவ்வளவு மறைக்கும் என்பதைக் குறிக்கும் நான்காவது எண் ஒன்றும் உண்டு. 'ஆல்ஃபா' என்பது அதற்குப் பெயர். அழித்துவிட்டேன் என்று நான் நினைத்த வெள்ளைச் சுவர், ஆல்ஃபா பூஜ்யமாகிக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததே தவிர, அதன் வெள்ளை எண்கள் கோப்பிலேயே இருந்தன. சிறிதாக்கியபோது அவையும் சராசரியில் வந்து கலந்து, செல்லத்தைச் சுற்றி அழுக்கு வெள்ளையாய் ஒரு பிரபையை உண்டாக்கின. இதற்கு மருந்து எளிது. சராசரி எடுக்குமுன் ஒவ்வொரு வண்ண எண்ணையும் அதன் ஆல்ஃபாவால் பெருக்கிக்கொண்டால், இல்லாத புள்ளிக்கு வாக்குரிமையும் இல்லாமற்போகும். போர்ட்டர், டஃப் என்ற இருவர் 1984-லேயே இந்தக் கணக்கைத் தெளிவாக எழுதிவைத்தார்கள். நல்ல செயலிகள் அனைத்தும் அதைக் கடைப்பிடிக்கின்றன, நான் முதலில் பிடித்த செயலியைத் தவிர.

பிறகு கிம்ப் என்ற இலவசச் செயலிக்கு மாறினேன். அதில் ஒவ்வொரு லேயரும் ஐகான் கோப்பில் ஓர் அளவாக அமைந்துவிடுவது பெரும் சௌகரியம். 256, 48, 32 மூன்றும் ஒருவாறு தேறின. 256 புள்ளிப் படம் மட்டும் சுருக்காமல் வைத்தால் 2,62,144 பைட் பிடிக்குமாதலால், அதை பிஎன்ஜியாகவே உள்ளே வைக்கும்படி குறியிட்டேன். பதினாறுதான் படியவில்லை. எதிர்வீட்டுப் பெண் கல்லூரியிலிருந்து வந்தவள் எட்டிப் பார்த்து, "மாமா, இது என்ன செங்கல்லா?" என்று கேட்டாள். கேட்டதில் தப்பில்லை.

ஈய எழுத்துக்கு மூல அச்சு வெட்டிய பழைய தொழிலாளிகள், பெரிய எழுத்தை அப்படியே குறைத்துச் சிறிய எழுத்தாக்குவதில்லை. ஒவ்வோர் அளவுக்கும் தனியே வெட்டி, சிறியதில் உட்குழிவுகளைச் சற்று அகலமாகவே விடுவார்கள். அந்த நினைவு வந்ததும் போட்டோவை ஒதுக்கிவிட்டு, வெற்றுக் கட்டங்கள் 256-ஐயும் எட்டு மடங்கு பெரிதாக்கித் திரையில் விரித்துக்கொண்டு, மௌஸால் ஒவ்வொன்றாக நிரப்பத் தொடங்கினேன். வரிக்கோலம் போயிற்று, கைப்பிடி போயிற்று, பாக்குக்கும் சுண்ணாம்புக்குமான அறைகள் போயின. உடலுக்கு ஒரே பழுப்பு, மேல்விளிம்பில் ஒரு வரிசை வெளிறிய மஞ்சள், பின்னால் சாய்வாகத் திறந்த மூடிக்கு ஏழு கட்டம். அப்போதும் அது பெட்டியாயிற்றே தவிர, செல்லமாகவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போட்டோவில் இல்லாததும், குண்டூசி குடியேறிய நாளாக அந்தச் செல்லத்திலேயே இல்லாததுமான ஒன்றை, விளிம்புக்கு மேலே ஐந்து பச்சைக் கட்டங்களாக வைத்தேன்.

ஃபோல்டரின்மேல் வலது க்ளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய் ஐகானை மாற்றிய பிறகும், விண்டோஸ் தன் நினைவிலிருந்த பழைய செங்கல்லையே சிறிது நேரம் காட்டிக்கொண்டிருந்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் வழிக்கு வந்தது. மறுநாள் வந்த எதிர்வீட்டுப் பெண், "அட, வெத்தலைப் பொட்டி!" என்றாள். சொல்லிக்கொண்டே கன்ட்ரோலை அழுத்தி மௌஸின் சக்கரத்தை உருட்டிப் படத்தைப் பெரிதாக்கினாள். பதினாறு போய் 256 வந்தது. வரிக்கோலமும் கைப்பிடியும் பித்தளையின் மினுக்கும் எல்லாம் வந்தன. அவள் சற்று உற்றுப் பார்த்தாள்.

"பெரிசாக்கினா வெத்தலையைக் காணோமே மாமா, தாத்தா போட்டுக்கிட்டாரா?"