வசந்தத் தொடக்கத்தில் கிராப்பி மீன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதியில் பனிக்கட்டி உருகும் காலம் நம் பங்குனி மாதத்தை ஒட்டி வருகிறது. அப்போது ஆற்றோர மக்கள் தூண்டிலும் கையுமாகக் கிராப்பி மீனைத் தேடிக் கிளம்புகின்றனர். அவர்கள் நாடுவது ஓடும் ஆற்றையல்ல. ஓட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கும் மடுக்களைத்தான்.

காரணம் எளிது. குளிர்காலத்தில் ஆற்று நீர் உறைநிலையை ஒட்டியிருக்கும். ஓட்டத்தை எதிர்த்து நிற்க மீனுக்குச் சக்தியும் செலவாகும். நீர் 4 டிகிரி சென்டிகிரேடில்தான் மிகக் கனமாக இருக்கும். ஆகையால் ஓட்டமில்லாத ஆழ மடுவின் அடிநீர் ஆற்று நீரைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். கிராப்பி அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது.

வெயில் ஏறியதும் மடுவின் ஆழமற்ற ஓரங்கள் முதலில் சூடேறும். அங்கே சூரியன் தென்வானில் சாய்ந்து செல்வதால் வடகரை ஓரம் முந்திக்கொள்ளும். சிறு பூச்சிகளும் குஞ்சு மீன்களும் அங்கே சேரும். அவற்றைத் தின்னக் கிராப்பியும் வரும். விழுந்து கிடக்கும் மரக்கிளைகளின் அருகே தக்கை கட்டி, சிறு உயிர்மீனை முள்ளில் கோத்து, மீன் நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலே தொங்கவிட வேண்டும். இதன் வாய்த்தோல் மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். இரவில் குளிர் திரும்பினால் மீனும் ஆழத்துக்குத் திரும்பும். நீர் சுமார் 16 முதல் 20 டிகிரியை எட்டும்போது முட்டையிடும். ஆண் மீன் பள்ளம் பறித்து முட்டைகளைக் காவல் காக்கும். காவல் மீனைப் பிடித்துவிட்டால் முட்டைகள் பிற மீன்களுக்கு இரையாகும்.

பயிரையும் மண்ணையும் பார்த்துப் பழகிய எனக்குத் தூண்டிலைவிட மடுவின் ஆழமே பெரிய விஷயமாகப் படுகிறது. படகுப் போக்குவரத்துக்காக 1930களில் இந்த ஆற்றில் வரிசையாக அணைகள் கட்டப்பட்டன. நீர்மட்டம் உயர்ந்து தாழ்நிலங்கள் மூழ்கி, அகன்ற மடுக்கள் உண்டாயின. மீன்வளமும் பெருகியது. ஆனால் ஓட்டம் தளரும் இடத்தில் வண்டல் படியும் என்பது நம் ஏரிகளைக் கண்டவர்களுக்குத் தெரியும். மேட்டு நிலத்து மக்காச்சோள வயல்களின் மேல்மண் மழையில் கரைந்துவந்து பல மடுக்களைத் தூர்த்துவிட்டது. ஆழம் குறைந்த மடுவில் பனிக்கட்டியின் கீழே பிராணவாயு தீர்ந்து மீன்கள் மடிகின்றன. மண்டிய வண்டலைக் காற்று கலக்குவதால் நீர்ச்செடிகளும் வெளிச்சமின்றி அழிகின்றன.

1986ஆம் ஆண்டு அந்நாட்டுச் சட்டத்தின்மூலம் தொடங்கிய திட்டத்தில் சில மடுக்களைத் தூர்வாரி ஆழப்படுத்துகின்றனர். அலையைத் தடுக்க ஆற்றுக்குள் தீவுகளையும் அமைக்கின்றனர். சரிவான வயல்களில் சமஉயரக் கோட்டில் உழுவதும், நீர் ஓடும் வழியில் புல் வளர்ப்பதும், அறுவடைத் தட்டையை நிலத்திலேயே விடுவதும் வண்டல் வரத்தைக் குறைக்கின்றன. வயலில் இவை நடக்காவிட்டால் தூர்வாரிய மடு மறுபடியும் தூர்ந்துபோகும்.