வலது இடுப்பு வலிக்கு இடது கையில் தடி

வலது இடுப்பு மூட்டு தேய்ந்து வலிக்கிறது. கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? வலிக்கிற பக்கத்துக்குத்தானே தாங்கல் வேண்டும் என்று பலரும் வலது கையில் பிடிப்பார்கள். பிசியோதெரபிஸ்ட் பார்த்தால், முதல் வேலையாக அதை இடது கைக்கு மாற்றிவிடுவார்.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சற்று நேரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். உடல் எடை நடுவில் இருக்கிறது. தாங்கும் மூட்டோ ஓரத்தில். அதனால் தூக்கிய கால் பக்கமாக இடுப்பு சரியப் பார்க்கும். சரியவிடாமல் இழுத்துப் பிடிப்பது, நிற்கும் காலின் பக்கவாட்டில் உள்ள நடுப்பிட்டத் தசை. இடுப்பெலும்பின் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல்களை அழுத்தியபடி நடந்து பாருங்கள். அடிக்கு அடி அது இறுகி இளகும்.

பாவம், அதற்கு வாய்த்த இடம் அப்படி. மூட்டிலிருந்து அது இழுக்கும் கோடு சுமார் 5 செ.மீ. தள்ளி இருக்கிறது, எடை அழுத்தும் கோடு 10 செ.மீ. தள்ளி. கீலுக்குப் பக்கத்தில் கைவைத்துக் கதவைத் தள்ளுகிற கஷ்டம்தான். 60 கிலோ ஆளுக்கு, ஊன்றிய காலைக் கழித்தால் மேலே 50 கிலோ. அதை ஈடுகட்டத் தசை 100 கிலோ விசையில் இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மூட்டின்மேல் 150 கிலோ!

இது வெறும் காகிதக் கணக்கல்ல. பெர்லினில் பெர்க்மான் என்ற ஆய்வாளரின் குழுவினர் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே உணரிகளைப் பொருத்தி, சுமையை நேரடியாக அளந்தார்கள். சாதாரண நடையிலேயே உடல் எடையைப் போல் சராசரியாக 2.4 மடங்கு.

இப்போது தடிக்கு வருவோம். இடது கைத்தடி வலது மூட்டிலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளி ஊன்றுகிறது. அந்தத் தூரத்தில் 5 கிலோ அழுத்தினாலே தசைக்கு 40 கிலோ வேலை மிச்சம். வலது கையில் பிடித்தால் அந்த ஆதாயம் கிடைக்காது. உடம்பையே தடிமேல் சாய்க்க வேண்டியிருக்கும்.

தடி இல்லாதவர்களும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். வலிக்கிற பக்கமாகவே உடம்பைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார்கள். பார்க்க விபரீதமாக இருக்கும். ஆனால் எடை மூட்டுக்கு நேர்மேலே நகர்வதால் தசையின் பாடு குறைகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் உடல் தானே போட்ட கணக்கு!

வீட்டில் தடி ஊன்றுபவர் இருந்தால் இன்றே பாருங்கள்: கையைத் தொங்கவிட்டு நின்றால், பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். அடியிலுள்ள ரப்பர் வழவழப்பாகியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.