முங்கு நீச்சலும் மண்ணீரலும்

கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் தாமிரபரணியில் முங்கு நீச்சல்தான். யார் அதிக நேரம் தண்ணீருக்குள் இருப்பது என்று போட்டி. கரையில் ஒருவன் எண்ணுவான். அவன் எதிர்க்கட்சி என்றால் மெதுவாகத்தான் எண்ணுவான். நாற்பதுக்குள் நெஞ்சு முட்டிவிடும்.

அந்த நேரத்தில் உடம்பு சும்மா இருப்பதில்லை. முகத்தில் குளிர்ந்த நீர் பட்டதும் இதயத்துடிப்பு குறையும். கைகால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இருக்கிற ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் விட்டுக்கொடுக்கும். இடப்பக்க விலாவுக்குள் ஒளிந்திருக்கும் மண்ணீரலும் சுருங்கி, சேர்த்துவைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் பிழிந்துவிடும். பை பெரிதானால் சேமிப்பும் பெரிது.

இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் தலைமுறை தலைமுறையாகப் படகையே வீடாக்கி வாழ்ந்தவர்கள் பஜாவ் மக்கள். மரச்சட்டக் கண்ணாடியும் கொஞ்சம் எடையும் கட்டிக்கொண்டு, மீனுக்காக 70 மீட்டர் வரைகூட முங்குவார்கள். மெலிசா இலார்டோ குழுவினர் இவர்களை ஸ்கேன் செய்து, 2018இல் 'செல்' இதழில் எழுதினார்கள். அக்கம்பக்கத்தில் நிலத்தில் வாழும் சலுவான் மக்களைவிட பஜாவ் மண்ணீரல் ஏறத்தாழ 50 விழுக்காடு பெரிது. முங்கும் தொழிலே செய்யாத பஜாவ்காரருக்கும் அப்படித்தான். ஆக, இது பழக்கத்தில் வந்ததல்ல, பிறப்பில் வந்தது. தைராய்டு ஹார்மோனோடு தொடர்புள்ள பிடிஇ10ஏ என்ற மரபணுவைக் கைகாட்டுகிறார்கள்.

நம் ஆறு கடலில் கலக்கும் பக்கமும் முங்குகிறவர்கள் உண்டு. பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. அந்தக் கடற்கரைப் பரதவர் காலில் கல்லைக் கோத்து, எட்டுப் பத்துப் பாகம் இறங்கி, ஒரு நிமிடம் போலச் சிப்பி அள்ளியவர்கள். மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள்; தங்கச்சி தாலி அவன் கையில் அல்லவா! ஆற்றில் நாம் செய்வதும் குளிப்பு, கடலில் அவர்கள் செய்ததும் முத்துக்குளிப்பு.

அவர்களுக்கும் மண்ணீரல் பெரிதா? நான் சட்டென்று தலையாட்ட மாட்டேன். பிறப்பிலேயே அப்படி வர, தலைமுறை தலைமுறையாக முங்கியே பிழைத்திருக்க வேண்டும். முத்துக்குளிப்பு சிப்பி விளைந்த ஆண்டில், கடல் அடங்கிய பங்குனி சித்திரை வாக்கில் சில வாரம்தான். சங்குகுளிப்பு மாதக்கணக்கில் நீளும் என்றாலும், பஜாவ் போல அன்றாடச் சோற்றுக்கு ஆண்டு முழுக்க முங்கும் பிழைப்பு வேறு.

தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்குக்குப் போகிறவர்கள் இப்போது கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்வி இறங்குகிறார்கள். மூச்சை அடக்கும் வேலை இல்லை. ஆனால் ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழியிட்டு, மூட்டையும் முதுகுத்தண்டையும் பிடிக்கும். மண்ணீரலுக்கு அதில் வேலையே இல்லை.