கத்தரித் தோட்டமும் காய் துளைக்கும் புழுவும்

கிணற்றடியிலே இரண்டு பாத்தி கத்தரி, வேலியோரம் ஒரு பாகற்கொடி, பந்தலிலே பயிற்றை. இவை இல்லாத யாழ்ப்பாணத்து வளவு அரிது. இவற்றுக்கு நஞ்சு தெளிப்போர் அது எங்கே செல்கின்றதென்று சிறிது சிந்தித்தல் வேண்டும். நமது குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். மண்ணில் விழுவது நீரோடு கீழிறங்கி நிலத்தடி நீரைச் சேர்தல் எளிது. பாத்திக்கு இறைக்குங் கிணறே குடிநீர்க் கிணறுமாயின், மேலே சொல்லவேண்டியதில்லை.

கத்தரிக்குப் பெரும் பகை தண்டையுங் காயையுந் துளைக்கும் புழுவே. அதன் தாய் ஒரு சிறு வெள்ளை அந்து. இரவிலே இளந்தளிர்களில் முட்டையிடும். பொரித்த புழு விரைவிலே தளிரினுள் நுழைந்துவிடும். உச்சித் தளிர் வாடித் தலைசாயக் கண்டோர் நீர் போதாதென்றெண்ணி மேலும் நீர் வார்ப்பர். யானும் ஒரு பருவம் முழுவதும் அவ்வாறே வார்த்தேன். அக்காலத்தில் வகுப்பிலே தமிழோடு தோட்டப் பாடமும் கற்பித்துக் கொண்டிருந்தேன் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பின்னர் ஒரு தளிரைப் பிளந்து பார்த்தபோதே உள்ளிருந்த புழுவைக் கண்டேன்.

உட்புகுந்த புழுவை மேலே தெளிப்பது எளிதில் எட்டாது. ஆகவே கத்தியே முதல் மருந்து. வாடிய தளிரைத் துளைக்குக் கீழே வெட்டி எரித்துவிடுக. துளை விழுந்த காயையும் அவ்வாறே செய்க. வேலியோரம் எறிந்தால் புழு வெளியேறிச் சருகிலே கூடு கட்டி, அந்தாகி மீண்டும் வரும். அந்துக்கு வேலி ஏது? அயல் வளவிலே கத்தரி கவனிப்பாரற்று நின்றால் நம் உழைப்பிற் பாதி வீண். இதனை அயலாரிடம் சொல்ல யான் இரண்டாண்டு கூசினேன். அவரோ கேட்டவுடனே கத்தியோடு வந்துவிட்டார்.

முட்டை பொரிக்கும் வேளையில் வேம்பு உதவும். ஆனி, ஆடியில் உதிரும் பழத்தின் சதையை நீக்கி வித்தை நிழலில் உலர்த்துக. அதன் பருப்பை இடித்து, லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரங் கரைத்துத் தெளிக்கலாம். வெயிலில் வீரியங் கெடுமாதலின் மாலையே தகுந்த நேரம். வேம்பு உடனே கொல்லாது. உண்ணும் விருப்பைக் கெடுத்து, புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். மறுநாட் காலை புழு நெளியக் கண்டு கைவிட்டோர் பலர்.

2021ஆம் ஆண்டிலே அரசாங்கம் இரசாயன உரம், பூச்சிகொல்லி ஆகியவற்றின் இறக்குமதியைத் திடீரெனத் தடுத்து, அவ்வாண்டு முடியுமுன்னரே தளர்த்தியது. கமக்காரர் பட்ட துன்பத்தைக் கண்டு, நஞ்சின்றிப் பயிர் செய்தல் ஆகாதென முடிவு கட்டினோர் உளர். பத்து ஏக்கர் வயல் வேறு, பத்துக் கத்தரிச் செடி வேறு. பத்துச் செடியின் ஒவ்வொரு தளிரையும் கண்ணாற் பார்த்தல் கூடும்.

பயிற்றையில் அழுக்கணவன் மொய்த்தால், சாம்பல் தூவுமுன் பொறிவண்டு உண்டோவெனப் பார்க்க. அதுவும் அதன் குஞ்சுப்புழுவும் அழுக்கணவனைத் தின்பன. அப்புழு கரடுமுரடான தோற்றமுடையதாதலால் நம்மவர் அதனையே நசுக்கிவிடுவர்.

பாகலுக்குப் பழ ஈயே தொல்லை. பிஞ்சு விரலளவாகுமுன் கடதாசிப் பையிட்டுக் கட்டிவிட்டால் ஈ முட்டையிட இயலாது. எனது பந்தலிலே பழைய பரீட்சைத் தாள்கள் பைகளாய்த் தொங்கக் கண்டு, தத்தம் புள்ளிகளைத் தேடும் மாணவரும் உளர்.