ஒரு கருத்தும் இரு நூல்களும்

மெய்யியல் நூல்களை நாடுவோர் இருவகையினர். ஒருவகையார் அத்துறையையே தொழிலாகக் கொண்ட அறிஞர். மற்றையோர் அறியும் வேட்கையன்றித் தனிப்பயிற்சி ஏதுமில்லாத பொது வாசகர். முன்னவர்க்கு எழுதுவதே புலமை என்றும், பின்னவர்க்கு எழுதுவது புலமையின் தேய்வு என்றுங் கருதுவாருமுளர். இக்கருத்துப் பொருந்துமா என்பதை வரலாற்றுச் சான்றுகள் சிலவற்றாற் காண்பாம்.

ஸ்கொத்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம், தமது 27 ஆம் வயதில், 1739 இல், மனித இயல்பு பற்றிய பெருநூலொன்றின் முதலிரு பகுதிகளை வெளியிட்டார். அவர் எதிர்பார்த்த வரவேற்பு அதற்குக் கிடைத்திலது. மறு ஆண்டில் அதன் சாரத்தைச் சிறு பிரசுரமாக்கியும் பயன் விளையவில்லை. குறை பொருளினும் சொன்ன முறையிலேயே மிகுதி என்று தெளிந்த அவர், 1748 இல் அறிவு பற்றிய பகுதியைச் சுருக்கித் தெளிவாக்கி வேறொரு நூலாகத் தந்தார். ஆயின், அவர் பின்னாளிற் கைவிட்ட அப்பெருநூலையே இன்று அறிஞர் பலர் அவர்தம் தலைசிறந்த படைப்பாகப் போற்றுகின்றனர். எளிய நூல் தோன்றியமையால் அரிய நூல் வேண்டாததாகிவிடவில்லை.

ஜேர்மனியப் பேரறிஞர் காண்ட், 1781 இல் வெளிவந்த தம் பெருநூலின் முன்னுரையில், நூல் ஏற்கெனவே பெருத்துவிட்டதால் எடுத்துக்காட்டுகளை விலக்கியதாகக் கூறினார். பலரும் அதனைக் கற்க இடர்ப்பட்டனர். 1783 இல் அப்பொருளுக்கு அவரே ஒரு சிறு வழிகாட்டி நூல் எழுதினார்.

பதிப்புச் செலவையும் நோக்குதல் வேண்டும். பேட்ரண்ட் றசலும் வைற்ஹெட்டும் எழுதிய கணித அடிப்படை பற்றிய பெருநூலின் முதற் பாகம் 1910 இல் வெளிவந்தது. அந்நூலால் 600 பவுண் நட்டம் வருமெனக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் மதிப்பிட்டது. அதில் 300 பவுணை அச்சகமும், 200 பவுணை அரச கழகமும் ஏற்க, எஞ்சியதற்கு ஆசிரியர் இருவரும் தலைக்கு 50 பவுண் கொடுத்தனர். பல்லாண்டு உழைத்தோர் பணமுங் கொடுத்தனர் என்க. அதே றசல் 1912 இல் மெய்யியற் பிரச்சினைகள் பற்றி எழுதிய சிறுநூல், ஒரு சிலிங் விலையுள்ள பொதுமக்கள் நூல்வரிசையில் வெளிவந்தது. முன்னையதற்கு ஆதரவாளர் வேண்டும். பின்னையதனை வாசகரே தாங்குவர்.

அச்சிறுநூலில் றசல் எதனை விடுத்தார்? அருஞ்சொற்களைக் குறைத்தார், வாதத்தை விடுத்தாரல்லர். நம் முன்னுள்ள மேசையின் நிறம் நிற்கும் இடத்திற்கேற்ப மாறித் தோன்றுகின்றதே, அதன் உண்மை நிறம் யாது என வினவுகின்றார். அவ்வினாவைப் பற்றியே வாசகன் தோற்றத்திற்கும் உண்மைக்குமுள்ள வேறுபாட்டை எய்துகின்றான். முடிவை மட்டுங் கூறி வழியை மறைக்கும் நூலோ கிளிப்பிள்ளைகளையே ஆக்கும்.

பகலிற் கற்பித்து இரவிற் கற்ற வெளிவாரி மாணவருள் யானும் ஒருவன். விரிவுரை கேட்கும் வாய்ப்பில்லாத எமக்கு இத்தகைய நூல்களே ஆசிரியராயின. காண்டின் பெருநூலை முதன்முறை திறந்து, ஒரு பக்கமும் விளங்காது மூடினேன். அவ்வழிகாட்டியைக் கற்றபின்னரே மீண்டுந் திறக்கத் துணிந்தேன். எளிய நூலின் பயன் அரிய நூலிடத்துச் சேர்ப்பதேயாம்.

ஆதலின், மெய்யியல் கற்றுத் தமிழில் எழுதப் புகும் நம் மாணவர் இருவகை நூலையும் ஆக்குதல் வேண்டும். அறிஞர்க்கு எழுதும்போது துணிவும், பொது வாசகர்க்கு எழுதும்போது நேர்மையும் அவர்க்குத் துணையாகுக.