நேற்று இல்லாத மனிதர்

நேற்று இரவு என்ன உண்டோம் என்று எவரேனும் கேட்டால் தயங்காமல் விடை சொல்கிறோம். காலையில் வீட்டிற்கு வந்து சென்றவர் யார், அவரோடு என்ன பேசினோம் என்பதும் நினைவில் நிற்கிறது. இதில் வியக்க ஒன்றுமில்லை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் இந்த எளிய ஆற்றலை ஒரே நாளில் இழந்து, அதன்பின் 55 ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் ஒருவர் உண்டு.

ஹென்றி மொலேசன் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1926-ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே வலிப்பு நோய் அவரைப் பற்றிக்கொண்டது. மருந்துகளால் நோய் அடங்கவில்லை. வேலைக்குச் செல்வதும் இயலாமற் போயிற்று. 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் ஸ்கோவில் என்னும் மருத்துவர் அவருக்கு அறுவை சிகிச்சை செய்தார். பொட்டுகளுக்கு உட்புறத்தில், மூளையின் ஆழத்தில், கடற்குதிரையைப்போல் வளைந்த ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பு இருக்கிறது. அதன் பெரும்பகுதியையும் அதைச் சூழ்ந்த பகுதிகளையும் இருபுறமும் அகற்றிவிட்டார். அதன் பணி இன்னதென்று அந்நாளில் எவருக்கும் தெளிவாகத் தெரியாது.

வலிப்பு வெகுவாகக் குறைந்தது. அறிவுத்திறன் சோதனையில் முன்பு 104 பெற்றவர், பின்னர் 112 பெற்றார். பேச்சிலோ பண்பிலோ குறையில்லை. ஆயினும் புதிதாக நிகழ்ந்த எதுவும் அவர் உள்ளத்தில் தங்கவில்லை. சற்றுமுன் பேசிவிட்டு வெளியே சென்ற மருத்துவர் திரும்பி வந்தால், அவர் ஹென்றிக்கு அந்நியர். 1955 ஏப்ரலில் தேதி கேட்டபோது 1953 மார்ச் என்றும், தம் வயது 27 என்றும் கூறினார். குடும்பம் வேறு வீட்டிற்குக் குடிபெயர்ந்து பத்து மாதங்கள் கழிந்தும், பழைய முகவரியே அவருக்கு நினைவிலிருந்தது. படித்த பத்திரிகையையே மறுநாளும் புதிதெனப் படித்தார். அன்புக்குரிய மாமா இறந்த செய்தியைக் கேட்டுத் துயருற்றவர், அதை மறந்து, அவர் எப்போது வருவார் என்று கேட்பாராம். மறதியைச் சில வேளைகளில் வரமென்று சொல்கிறோமே, இதை என்னவென்று சொல்வது?

கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் வந்து அவரை ஆராய்ந்தார். 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னார். ஹென்றி அதை மனத்துள் ஓயாது கூட்டியும் பிரித்தும் பல நிமிடங்கள் பிடித்து வைத்திருந்தார். கவனம் வேறு பக்கம் திரும்பியதும் எண் மட்டுமன்று, எண் ஒன்று தரப்பட்டதே மறைந்துவிட்டது. மற்றொரு சோதனையில், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். வாசகர்கள் முயன்று பார்க்கலாம். கை சொன்னபடி கேளாது. ஹென்றி மூன்று நாட்கள் பழகினார். ஒவ்வொரு முறையும் இதற்கு முன் செய்ததில்லை என்றே எண்ணினார். ஆனால் அவர் கை நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றது! அவர் அறியாததை அவர் கை அறிந்திருந்தது.

நினைவு என்பது ஒரே களஞ்சியமன்று என்பது இதனால் விளங்கிற்று. நிகழ்ச்சிகளைப் புதிதாகப் பதிய வைப்பதற்கு ஹிப்போகாம்பஸ் இன்றியமையாதது. நெடுநாள் பழகிப்போன நினைவுகளோ மூளையின் மேற்புறணியில் பரவி நிலைபெற்றிருக்கின்றன. கையும் வாயும் பழகிய திறன்களுக்குச் சிறுமூளை முதலான வேறு பகுதிகள் துணை நிற்கின்றன.

இது எங்கோ ஓர் அமெரிக்கருக்கு நேர்ந்த விந்தை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. முதுமையில் வரும் அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களுள் இதே ஹிப்போகாம்பஸும் ஒன்று. காலையில் சொன்னதை நண்பகலில் நான்கு முறை கேட்கும் பாட்டியாரை, “இப்போதுதானே சொன்னோம்!” என்று நம்மில் எத்தனை பேர் கடிந்திருக்கிறோம்! அவர் கவனியாமல் இருந்தவரல்லர். பதியும் இடம் பழுதுற்றிருக்கிறது. அதே பாட்டியார் மாலையில் செபமாலை தொடங்கியதும் ஒரு சொல்லும் பிசகாமல் உடன் சொல்வதைக் கண்டு, “இதற்கு மட்டும் நினைவிருக்கிறதோ?” என்று ஐயுறுவதும் உண்டு. ஆம், இதற்கு நினைவிருக்கிறது. இளமை முதல் நாவில் ஊறிய சொற்கள் நேற்றைய செய்தியைப்போல் எளிதில் அழிவதில்லை.

ஹென்றியின் குணம் மாறவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பொறுமையும் நகைச்சுவையும் உடையவராகவே இருந்தார். தாம் ஏதேனும் தவறாகப் பேசிவிட்டோமோ என்று மட்டும் அவ்வப்போது கவலையுற்றார். தந்தை இறந்துவிட்டார் என்பதைத் தாமே ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு நேர்ந்ததைக் கண்ட ஸ்கோவில், இருபுறமும் இப்படி அகற்றலாகாதென்று பிற மருத்துவர்களை எச்சரித்தார். 2008 டிசம்பர் 2 அன்று, 82-ஆம் வயதில் ஹென்றி காலமானார். அதுவரை ஆய்வு நூல்களில் எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளாக மட்டுமே இருந்தவரின் முழுப்பெயர் அப்போதுதான் உலகிற்குத் தெரிந்தது. மறு ஆண்டு அவருடைய மூளை 2,401 மெல்லிய படலங்களாகச் சீவப்பட்டு ஆராய்ச்சிக்கெனப் பாதுகாக்கப்பட்டது. 1962 முதல் அவரை ஆராய்ந்துவந்த சூசன் கார்க்கின் என்ற அம்மையார், அவர் மறைந்த அன்றும் அவருடைய மூளையைப் பாதுகாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். அந்த அம்மையாரை ஹென்றிக்கு ஒருநாளும் உள்ளபடி தெரிந்ததில்லை. பள்ளியில் உடன் படித்தவராக இருக்கவேண்டும் என்று மட்டும் கூறுவாராம்.